சியாமென் கார்பன்: சக்கரத்தைத் தைரியமாக வாங்கலாம், ஃப்ரேமுக்கு யோசிக்கணும்

பெரிய சைக்கிள் பிராண்டுகளின் 50 மி.மீ. ஆழக் கார்பன் வீல்செட் (முன், பின் சக்கர ஜோடி) இன்றைக்குச் சர்வசாதாரணமாக 2,000 டாலரைத் தாண்டுகிறது. கிட்டத்தட்ட அதே ஆழம், அதே எடை, டிடி ஸ்விஸ் நிறுவனத்தின் 350 ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) போட்டு சீனத் தயாரிப்பாளரிடம் நேரே சொல்லி வைத்தால் ஏறக்குறைய பாதி விலையில் முடியும். பெயர் கேள்விப்படாத ஹப் போதும் என்றால் 400, 500 டாலருக்கே ஜோடி கிடைக்கும். மிச்சமாகும் பணம் டீலர் கமிஷன், விளம்பரம், பந்தய அணிச் செலவு, வாரண்டிக்கு ஒதுக்கும் தொகை ஆகியவற்றிலிருந்து வருகிறது. ஆனால் கடைக்காரர் பார்க்கும் வேலை காணாமல் போவதில்லை. எது எதற்குப் பொருந்தும் என்று பார்ப்பது, வந்ததைச் சோதிப்பது, கோளாறு வந்தால் வாதாடுவது எல்லாம் வாங்குகிறவர் தலையில்தான். அந்த வேலை தெரிந்தவருக்கு இது நல்ல பேரம்.

ஃபூஜியன் மாகாணத்துக் கடலோர நகரமான சியாமென்தான் இந்தத் தொழிலின் முக்கிய மையம். லைட் பைசிகிள், ஃபார்ஸ்போர்ட்ஸ், வின்ஸ்பேஸ் என்று சைக்கிள்காரர்கள் வாயில் அடிபடும் பெயர்கள் பலவும் இந்த ஊர்தான். இவர்களுக்குப் பக்கத்திலேயே, சொந்தமாக எதுவும் செய்யாமல் வாங்கி விற்கும் தரகு நிறுவனங்களும் ஏராளம். இரண்டையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: "இந்த ரிம்மின் ஈ.ஆர்.டி. அளவு என்ன, 24 துளைக்கும் 28 துளைக்கும் எடை எவ்வளவு மாறும்?" ஈ.ஆர்.டி. என்பது ஸ்போக் நீளத்தைக் கணக்கிட உதவும் ரிம் விட்டம். தயாரிப்பாளர் எண்ணோடு பதில் சொல்வார். தரகர் பட்டியல் பக்கத்தின் படத்தை மறுபடி அனுப்புவார். அலிஎக்ஸ்பிரஸ் செயலி 2020 நவம்பரில் இந்தியாவில் தடைசெய்யப்பட்டதால், இங்கிருந்து வாங்குகிறவர்களுக்கு நிறுவனத்தின் சொந்த இணையதளமும் மின்னஞ்சலும்தான் நேர்வழி. அது ஒருவகையில் நல்லதே; பேசித்தான் வாங்கியாக வேண்டும்.

"டோரே டி800 கார்பன்" என்ற வாசகத்துக்கு அசர வேண்டாம். டோரே ஜப்பானிய நிறுவனம். டி700, டி800 என்பவை அது விற்கும் இழையின் வகைகள். டி700-இன் விறைப்பு 230 கிகாபாஸ்கல், டி800-க்கு 294. அடுக்குகளை எப்படிப் படியவைத்தார்கள், இழையைப் பிணைக்கும் ரெசின் எது, அச்சில் அழுத்தம் சீராக விழுந்ததா என்பதையெல்லாம் அந்தப் பெயர் சொல்லாது. நன்றாகச் செய்த டி700 ரிம், மோசமாகச் செய்த டி800-ஐவிட எப்போதும் மேல்.

சக்கரத்துக்கு ஆர்டர் எழுதும்போது எதையும் "வழக்கமானது" என்று விட்டுவிடக் கூடாது. டிஸ்க் பிரேக் ரோட் பைக்காக இருந்தால் ஆக்சில் முன்னால் 12×100, பின்னால் 12×142 மி.மீ. என்று எழுதுங்கள். ரோட்டார் (டிஸ்க் பிரேக்கின் தட்டு) மாட்டுவது சென்டர்லாக்கா, ஆறு போல்ட்டா? கேஸட், அதாவது பின்பக்கப் பல்சக்கர அடுக்கு ஏறும் ஃப்ரீஹப் பாடி எது? ஷிமானோ 12 ஸ்பீடு ரோட் கேஸட், பழைய 11 ஸ்பீடு எச்.ஜி. பாடியிலேயே ஏறிவிடும், ஸ்ராம் 12 ஸ்பீடுக்கு எக்ஸ்.டி.ஆர். என்ற வேறு வகை பாடி வேண்டும். ஓட்டுகிறவர் 85 கிலோவுக்கு மேல் என்றால் பின்சக்கரத்துக்கு 28 துளை கேளுங்கள். அந்த நான்கு ஸ்போக்கின் எடை உணரவே முடியாதது.

ஸ்போக்கில் நேர் கம்பியா, தலை வளைந்த ஜே-பெண்டா என்று கேட்டால் ஜே-பெண்ட் என்றே சொல்லுங்கள். உடைந்தால் மாற்றுக் கம்பி கிடைப்பது அதற்குத்தான் சுலபம். ஸ்போக்கை ரிம்மோடு இறுக்கும் சிறு நட்டான நிப்பிள் விஷயத்தில் பலர் சறுக்குகிறார்கள். எடை குறைப்பதற்காக அலுமினிய நிப்பிளையே முதலில் காட்டுவார்கள். கார்பனும் அலுமினியமும் ஒட்டிக்கொண்டு, நடுவில் உப்பு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரிபடும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடற்காற்று ஊரில் சில வருடங்களில் நிப்பிள் ரிம்மோடு இறுகி, சாவி போட்டால் தலை நொறுங்கும். பித்தளை நிப்பிள் கேளுங்கள். 48 நிப்பிளுக்கும் சேர்த்து 30 கிராம்தான் கூடும்.

ஒரே ஜோடியில் மூன்று, நான்கு விதமான ஸ்போக் நீளம் வரும். ஒவ்வொரு நீளத்திலும் இரண்டு உபரிக் கம்பி, ஒரு கை நிப்பிள், நீளங்களின் பட்டியல், இவற்றைப் பெட்டியில் போடச் சொல்லி ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். பின்னாளில் 2 மி.மீ. வித்தியாசத்தில் ஒரு ஸ்போக்குக்காக ஊரெல்லாம் அலைவதைவிட இது மலிவு.

அடுத்து, ஹுக் (டயர் விளிம்பைப் பிடிக்கும் உள்மடிப்பு) உள்ள ரிம்மா, இல்லாததா. ஹுக்லெஸ் ரிம் அச்சில் எடுப்பது எளிது, அதனால் விலையும் கொஞ்சம் இறங்கும். ஆனால் அதில் காற்று 5 பார், அதாவது சுமார் 72 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகக் கூடாது என்பது தர விதி. டயரும் ஹுக்லெஸ்ஸுக்கு ஏற்றது என்று அதன் தயாரிப்பாளர் எழுதியிருக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் யுஏஇ டூர் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் தாமஸ் டி கெண்டின் டயர் ரிம்மைவிட்டுக் கழன்று அவர் விழுந்ததிலிருந்து இந்தப் பேச்சு அடங்கவே இல்லை. 28 மி.மீ. டயரில் 80 பி.எஸ்.ஐ. அடித்துப் பழகியவர்கள், காற்றடிக்கும் கடைக்காரரின் கைக்கணக்கை நம்புகிறவர்கள், ஹுக் உள்ளதையே வாங்கட்டும்.

ரிம் பிரேக் சைக்கிளுக்கு மலிவுக் கார்பன் ரிம் வேண்டவே வேண்டாம். கார்பன் வெப்பத்தைக் கடத்திவிடாது. பிரேக் பிடிக்கும் இடத்திலேயே சூடு தங்கி ரெசின் இளகும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ, ஊட்டியிலிருந்து கல்லட்டி இறக்கத்தின் 36 வளைவுகளிலோ பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டு இறங்கினால், டயரின் விளிம்பு அமரும் சுவர் வெளிப்பக்கம் பிதுங்கும். அந்தச் சைக்கிளில் அலுமினிய ரிம் இருக்கட்டும்.

பெட்டி வந்ததும் டயரை மாட்டிவிடாதீர்கள். முதலில் எடை. விளம்பர எடையில் 3 சதவீதம் வரை கூடக் குறைய இருப்பது சகஜம். 1,450 கிராம் என்றது 1,490 வந்தால் சண்டை வேண்டாம், 1,600 வந்தால் வேறு ரிம்மோ வேறு ஸ்போக்கோ போட்டிருக்கிறார்கள். பிறகு ஒரு ரூபாய் நாணயத்தால் ரிம்மைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். டக் டக்கென்று வரும் ஒலி ஓரிடத்தில் மட்டும் மொத்தென்று அமுங்கினால் அங்கே அடுக்கு பிரிந்திருக்கலாம். வால்வு துளைக்கருகே ஒலி இயல்பாகவே மாறும், அதைக் குற்றமாக எடுக்க வேண்டாம். அடுத்து டயர் விளிம்பு உட்காரும் இடத்தை விரலால் தடவுங்கள். பிசிறோ ரெசின் கட்டியோ இருந்தால் டேப் கிழியும், டியூப்லெஸ் காற்று நிற்காது.

ஸ்போக்கின் இறுக்கத்தை அளக்கும் டென்ஷன் மீட்டர் இல்லாவிட்டால் நல்ல மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். பின்சக்கரத்தின் செயின் பக்கம் 110 முதல் 120 கிலோ வரை, மறுபக்கம் அதில் பாதிக்குச் சற்று மேல் இருப்பது வழக்கம். எண் எவ்வளவு என்பதைவிட ஒரே பக்கத்துக் கம்பிகள் ஒன்றுக்கொன்று சமமா என்பதுதான் முக்கியம். ஒரு கம்பி 90, அடுத்தது 130 என்றால் சக்கரம் இன்றைக்கு நேராகச் சுற்றினாலும் மாதத்துக்குள் கோட்டம் விழும். மலிவு வீல்செட்டில் அதிகம் பார்க்கும் குறை இதுதான். ரிம் நன்றாக இருக்கும், கட்டியவர் அவசரப்பட்டிருப்பார். உள்ளூரில் கைத்தேர்ந்த ஆள் இருந்தால் ரிம்மை மட்டும் வரவழைத்து ஹப்பை இங்கே வாங்கிக் கட்டுவது இன்னும் உத்தமம். அப்போது ஈ.ஆர்.டி.யை இணையதளத்தில் பார்த்து நம்பாமல், ரிம்மைக் கையில் வைத்து அளந்த பிறகே ஸ்போக் வெட்டுங்கள். எப்படிக் கட்டியதானாலும் முதல் 300 கி.மீ. ஓடியதும் ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும்.

ஃப்ரேம் வேறு கதை. சக்கரத்தில் தவறு நேர்ந்தால் ஸ்போக், ஹப் என்று பாகம் பாகமாகச் சரிசெய்யலாம். ஃப்ரேமில் தவறு அச்சிலேயே இருக்கும். முதல் சந்தேக இடம் பாட்டம் பிராக்கெட், அதாவது பெடல் அச்சு சுழலும் இடம். அழுத்திப் பொருத்தும் பிரஸ்-ஃபிட் வகையான பி.பி.86 என்றால் துளை 41 மி.மீ.; இரு திசையிலும் வெர்னியர் வைத்துப் பாருங்கள். நீள்வட்டமாக இருந்தால் எந்தக் கிரீஸும் அந்தக் கிரீச்சொலியை நிறுத்தாது. மரை உள்ள பி.எஸ்.ஏ. அல்லது டி47 மாதிரியைத் தேர்ந்தெடுத்தால் பாதித் தலைவலி போகும். இரண்டாவது, பிரேக் காலிப்பர் உட்காரும் இடம். பெயின்ட் தடித்துக் காலிப்பர் சாய்ந்து நின்றால் ரோட்டாரில் உரசல் தீராது. அந்த இடத்தைச் சீவிச் சமமாக்கும் ஃபேஸிங் கருவி உள்ள கடை எங்கே என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். கேபிள் உள்ளே ஓடும் ஃப்ரேமில் ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பும் இடம்) பேரிங்கின் அளவும் கோணமும் எழுத்தில் வேண்டும். பின்பக்க கியர் மாற்றியை மாட்டும் டிரெய்லியர் ஹேங்கர் இரண்டு, சீட் போஸ்ட்டை இறுக்கும் ஆப்பு ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள். இவை அந்த ஒரு ஃப்ரேமுக்கென்றே வார்க்கப்பட்டவை, வெளியே எங்கும் கிடைக்காது.

ஃபோர்க் தண்டைக் கார்பன் பிளேடால், முகமூடி போட்டு வெட்டுங்கள். உள்ளே விரிந்து பிடிக்கும் எக்ஸ்பேண்டர்தான், ஸ்டார் நட்டு அடித்தால் தண்டு கீறிவிடும். சைக்கிள் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 4210 தரத்தின் சோதனை அறிக்கை கேட்பது உரிமை. அது நீங்கள் வாங்கும் மாடலின் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய பிராண்ட் பெயர் ஒட்டி, "அதே அச்சில் வந்தது" என்று விற்பவரிடம் பேச்சே வேண்டாம். அது போலி. பந்தயத்துக்கு உரிமம் எடுக்கப் போகிறவர் சர்வதேச சைக்கிள் சங்கமான யுசிஐயின் அனுமதிப் பட்டியலில் ஃப்ரேம் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

பணம் அனுப்புவதில் பேபால் அல்லது கிரெடிட் கார்டு. பேபாலில் 180 நாளுக்குள் புகார் கொடுக்கலாம். "நண்பருக்கு அனுப்புவது போல் அனுப்புங்கள், கட்டணம் மிச்சம்" என்றால் அந்தப் பாதுகாப்பு போச்சு. இந்தியாவில் கூரியர் கே.ஒய்.சி. ஆவணம் கேட்கும். சரக்கு விலை, அனுப்பும் கட்டணம், காப்பீடு மூன்றும் சேர்ந்த தொகைக்குச் சுங்க வரி. அதற்கு மேல் ஐ.ஜி.எஸ்.டி.; கடைசியில் கூரியரின் கையாளும் கட்டணம். சைக்கிள் பாகங்கள் 8714 என்ற தலைப்பில் வரும், அன்றைய விகிதத்தை அதில் பாருங்கள். "இன்வாய்ஸில் 100 டாலர் போடுகிறோம்" என்று விற்பவர் சலுகை போலச் சொன்னால் மறுத்துவிடுங்கள். சுங்கத்தில் மாட்டினால் அபராதம் உங்களுக்கு, வழியில் உடைந்தால் காப்பீடு அந்த 100 டாலருக்குத்தான். அனுப்பும் தேதியிலும் கண் வையுங்கள்: சீனப் புத்தாண்டுக்கும் அக்டோபர் முதல் வாரத்துக்கும் தொழிற்சாலைகள் மூடிவிடும், அதற்கு முந்தைய வாரத்தில் அவசரமாகக் கட்டப்பட்ட சக்கரம் வேண்டாம்.

வாரண்டி இரண்டு வருடம், ஐந்து வருடம் என்று எழுதியிருக்கும். திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். புகாருக்கு ஆதாரமும் வேண்டும். அதனால் பெட்டியைப் பிரிக்கும் நொடியிலிருந்து வீடியோ எடுங்கள்: முகவரிச் சீட்டு, ஒடுங்கிய மூலை, சக்கரத்தின் வரிசை எண் எல்லாம் ஒரே ஓட்டத்தில் பதிவாக வேண்டும், இடையில் வெட்டில்லாமல்.