ஹூஸ்டன் ராக்கெட் பார்க்: கூரை கிடைத்த சாட்டர்ன் 5

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்காக ஒரு நாள் சுற்றுலாவுக்கு ஏற்பாடு செய்தபோது, முகவர் ஒருவர், "ராக்கெட் பார்க்கை விட்டுவிடுங்கள், அங்கே நீளமான ஒரு தகரக் கொட்டகைதான் இருக்கிறது" என்றார். நாங்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள். ஹூஸ்டன் விண்வெளி மையத்தின் டிக்கெட்டில் பார்க்கக் கிடைப்பவற்றில் அந்தக் கொட்டகையைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன்.

வெளியிலிருந்து பார்த்தால் அது கிடங்கு போலத்தான் தெரியும். உள்ளே 363 அடி நீளத்துக்கு, மனிதர்களை நிலவுக்கு அனுப்பக் கட்டிய சாட்டர்ன் 5 ராக்கெட் ஒன்று படுத்திருக்கிறது. எஞ்சின் பக்கத்திலிருந்து நடக்கத் தொடங்குங்கள். ராக்கெட் மூன்று பகுதிகளாக இருக்கும், அவற்றைக் கட்டங்கள் என்பார்கள். முதல் கட்டத்தின் அடியில் ஐந்து எஃப்-1 எஞ்சின்கள். ஒவ்வொன்றின் வாயும் ஆளை நிற்கவைத்து, அவர் தலைமேல் இன்னொருவரை நிற்கவைக்கும் அகலம். இந்த ஐந்தும் சேர்ந்து இரண்டரை நிமிடம் மண்ணெண்ணெயையும் திரவ ஆக்சிஜனையும் குடித்துத் தீர்த்துவிடும். அதற்குப் பிறகு அந்தக் கட்டம் கடலில் விழவேண்டியதுதான். அப்படி விழுவதற்காகக் கட்டப்பட்ட ஒன்று விழாமல் நம் முன்னே கிடக்கிறது என்பதை நினைத்தாலே எனக்கு நடை தளர்ந்துவிடும்.

இது மாதிரி உரு இல்லை. சாட்டர்ன் 5 ராக்கெட்டுகள் இன்று மூன்றே இடங்களில் இருக்கின்றன: ஹூஸ்டன், அலபாமாவின் ஹண்ட்ஸ்வில், ஃபுளோரிடாவின் கென்னடி மையம். ஹண்ட்ஸ்வில்லில் இருப்பது அதிர்வுச் சோதனைக்காகச் செய்தது. ஃபுளோரிடாவில் இருப்பதன் முதல் கட்டம் சோதனைக்கானது. மூன்று கட்டங்களும் பறப்பதற்கென்றே கட்டப்பட்டது ஹூஸ்டனில் மட்டும்தான். கட்டங்கள் வெவ்வேறு எண்ணுள்ள ராக்கெட்டுகளைச் சேர்ந்தவை: முதலாவது 514, இரண்டாவது 515, மூன்றாவது 513. 1970-இல் நிலவுப் பயணங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். அதனால்தான் இவை தரையிலேயே தங்கிவிட்டன.

இந்த இடத்தை நான் இவ்வளவு நேசிப்பதற்குக் காரணம் வேறு. சுத்திகரிப்பு ஆலைகளில் குழாய்களும் தொட்டிகளும் எங்கே அரித்துப்போகின்றன என்று சோதிப்பது என் தொழில். 2003-இல் ஹூஸ்டனுக்கு வேலைக்கு வந்த முதல் மாதமே இந்த ராக்கெட்டைப் பார்க்கப் போனேன். அப்போது அதற்குக் கூரை கிடையாது. 1977 முதல் புல்வெளியில் படுத்துக் கிடந்தது. பெயிண்ட் கொப்பளித்து, உரிந்து தொங்கியது. அலுமினியத்தில் வெள்ளை மாவு பூத்திருந்தது. எஃகு ஆணிகள் அலுமினியத்தைத் தொடும் இடங்களில் அரிப்பு முற்றியிருந்தது. பாசி ஏறி, இடுக்குகளில் செடி முளைத்து, பறவைகள் குடியேறியிருந்தன. வளைகுடாவின் உப்புக் காற்றும் டெக்சாஸ் மழையும் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தன.

என் தொழிலில் இருப்பவர்கள் உடனே கவனிக்கும் சங்கதி ஒன்று உண்டு. இந்த ராக்கெட் நிமிர்ந்து நிற்பதற்காக வடிவமைக்கப்பட்டது. படுக்க வைத்துவிட்டால் உள்ளே இறங்கும் மழைநீர் போகும் வழி தெரியாமல் வயிற்றுப் பக்கமே தேங்கும். வெளியே பெயிண்ட் அடித்து எத்தனை முறை அழகுபடுத்தினாலும் உள்ளே ஊறும் ஈரத்தை அது தடுக்காது. அன்று கீழ்ப்பக்கத்துப் பற்றவைப்புத் தையல்களைப் பார்த்துவிட்டு, இன்னும் சில ஆண்டுகளில் இது காயலான் கடைச் சரக்காகிவிடும் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்தும் அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை.

நல்லவேளை, அதற்குள் வேலை தொடங்கியிருந்தது. ராக்கெட்டின் உடைமையாளர் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம். நாட்டின் மரபுச் செல்வங்களைக் காப்பதற்கான அரசுத் திட்டத்தில் நிதி கிடைத்தது, மற்றவர்களும் நன்கொடை தந்தார்கள். ராக்கெட்டை நகர்த்தாமல் அதைச் சுற்றியே கட்டடம் எழுப்பி, காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தி, பிறகு பழைய பெயிண்டைச் சுரண்டி, அரித்த தகடுகளைச் சீராக்கினார்கள். முதலில் கூரை, பிறகு பெயிண்ட். வரிசை சரி. 2007-இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

எல்லா ராக்கெட்டுக்கும் இது வாய்க்கவில்லை. அலபாமாவில் டென்னசி எல்லைக்கு அருகே, நெடுஞ்சாலை 65-இல் இருக்கும் வரவேற்பு மையத்தில் 1979 முதல், சாட்டர்ன் 5-ஐவிடச் சிறிய சாட்டர்ன் 1பி ராக்கெட் ஒன்று நின்றது. 168 அடி. நடுவில் ஒரு தொட்டி, சுற்றிலும் எட்டுத் தொட்டிகள், அடியில் எட்டு எஞ்சின்கள். அப்பல்லோ 7 வீரர்களை விண்ணுக்கு ஏற்றிச் சென்ற ராக்கெட்டின் உடன்பிறப்பு அது. வேலைக்காக அந்த வழியே காரில் போனபோதெல்லாம் இறங்கி, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்திருக்கிறேன். 2023 ஜனவரியில் அதைப் பிரித்துவிடப்போவதாக அறிவிப்பு வந்தது. சீர்செய்ய 70 லட்சம் டாலருக்குமேல் ஆகும் என்றார்கள். காப்பாற்றச் சொல்லி உள்ளூர் மக்கள் குரல் கொடுத்தார்கள். செப்டம்பரில் கிரேன் வந்துவிட்டது. 44 ஆண்டுகள் திறந்தவெளியில் நின்ற உலோகத்தைப் பற்றி எனக்குத் தெரியும். செலவுக் கணக்கை நான் குறைசொல்லவில்லை. ஆனால் அந்தத் தொகை ஒரே நாளில் ஏறியதில்லை. நாற்பது மழைக்காலங்கள் அதை ஏற்றின. இதே மாநிலத்தில், ஹண்ட்ஸ்வில் அருங்காட்சியகம் பல்லாண்டு வெளியே கிடந்த தன் சாட்டர்ன் 5-ஐ, 2008-இல் திறந்த புதுக் கூடத்துக்குள் சேர்த்துவிட்டது. இந்தச் சின்னதற்கும் அப்போதே ஒரு நிழல் கிடைத்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். விண்வெளி மையத்திலிருந்து காலையிலேயே டிராம் பிடியுங்கள், ஹூஸ்டன் வெயில் பகலில் இரக்கம் காட்டாது. கொட்டகைக்குள் ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். சுவர் நெருக்கத்தில் இருப்பதால் முழு ராக்கெட்டும் ஒரே படத்தில் அடங்காது, அதற்காகப் பின்னால் நகர்ந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். கட்டங்களுக்கு இடையே இடைவெளி விட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே நின்று இரண்டாம் கட்டத்தின் எஞ்சின்களைக் கட்டாயம் பாருங்கள். வெளியே லிட்டில் ஜோ 2, மெர்க்குரி ரெட்ஸ்டோன் என்ற இரண்டு சிறிய ராக்கெட்டுகளும் இருக்கின்றன.

அம்மா முழு நீளமும் நடந்தார். மூன்றாம் கட்டத்தருகே நின்று, "தேரோட்டம் முடிந்ததும் தேருக்குத் தகரம் போட்டு மூடுவார்களே, அது போல வைத்திருக்கிறார்கள். ஆனால் இது ஓடவே இல்லையா தம்பி?" என்று கேட்டார். இல்லை அம்மா என்றேன். சற்று நேரம் பேசாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திரும்பும்முன் நான் மட்டும் முதல் கட்டத்துக்குப் போய்க் குனிந்து, 2003-இல் பார்த்த அதே கீழ்ப்பக்கத் தையல்களைத் தேடினேன். புதுக் கொப்புளம் எதுவும் என் கண்ணில் படவில்லை.