ரூ. 38,500 போச்சு: கிட்டார் நெக் இணையத்தில் வாங்குபவர்கள் கவனம்

ஆறப்போட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன் என்று தெரியும், அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன். 38,500 ரூபா. இணையத்தில் பக்கம் வைத்து இசைக்கருவி உதிரிப்பாகங்கள் விற்கும் ஒரு கடைக்கு நான் வங்கியில் போட்ட காசு. பெயரை இங்கே போடவில்லை. சின்னக் கிட்டார் செய்கிறவர்கள் இதை வாசித்துவிட்டுக் காசைக் கட்டுங்கள்.

திருகோணமலைக்குக் கிட்டார் புதிதில்லை. பாலையூற்றுப் பக்கம் பறங்கியர் வீடுகளில் பைலா கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் பிரெட் (விரல் வைக்கும் பலகையின் குறுக்கே உள்ள உலோகக் கம்பிகள்) அடித்த நெக், அதாவது கிட்டாரின் கழுத்து, வேண்டுமென்றால் வெளியில் இருந்துதான் எடுப்பிக்க வேண்டும். அக்காவின் மகளுக்கு ஒன்பது வயது. நத்தாருக்குத் தேவாலயத்தில் வாசிக்க வேண்டுமென்று ஆசைப்பட்டாள், அவளுக்காகத்தான் செய்யத் தொடங்கினேன்.

ஸ்கேல் 578 மி.மீ. அதாவது கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் தாங்கி நிற்கும் நட்டில் இருந்து, பெட்டியின் மேற்பலகையில் ஒட்டும் பிரிட்ஜில் கம்பிகள் தாங்கி நிற்கும் சாடில் வரையான நீளம். அதில் சரிபாதியில் 12ஆம் பிரெட் வரும். நெக்கை 12ஆம் பிரெட்டில் பெட்டியோடு சேர்த்தால் சாடில் பெட்டியின் மேல் விளிம்பில் இருந்து 289 மி.மீ தள்ளி விழும். கம்பியை அழுத்தும்போது சுருதி கொஞ்சம் ஏறும் என்பதால் இன்னும் இரண்டு மூன்று மி.மீ பின்னால் வைப்போம். என் பெட்டி 400 மி.மீ நீளம், ஆகவே பிரிட்ஜ் கீழ்ப்பகுதியின் அகன்ற இடத்தில் நிற்கும். மேற்பலகை நன்றாக அதிரும் இடம் அது, சின்னப் பெட்டியிலும் சத்தம் கனமாக வரும். அதே ஸ்கேலை 14ஆம் பிரெட்டில் சேர்த்தால் பிரிட்ஜ் சுமார் 31 மி.மீ துவாரத்தின் பக்கம் ஏறிவிடும். அப்போது மேற்பலகையைத் தாங்க உள்ளே ஒட்டும் சட்டங்களையும் இடம் மாற்ற வேண்டும். நான் 289க்கு என்று சட்டங்களை ஒட்டிப் பெட்டியை மூடியும் விட்டேன்.

கடைக்காரரோடு போனில் கதைத்தபோது நான் வாய் திறக்க முதலே அவர் சொன்னார்: “அண்ணை, 12இல சேருங்கோ, பிரிட்ஜ் நடு வயித்துல நிக்கும். சின்னக் கிட்டாருக்கு அதுதான் சத்தம்.” தொழில் தெரிந்த மனிதர் என்று மனம் குளிர்ந்துபோனது. அப்புறம் படம் ஒன்றும் அனுப்பினார். நட்டில் இருந்து 12ஆம் பிரெட் வரை அளவு நாடா பிடித்த படம், 289 தெளிவாகத் தெரிகிறது. அன்றே 38,500 ரூபாவைக் கட்டினேன்.

வந்த நெக்கில் அந்த அளவு 324. 648 மி.மீ ஸ்கேல், பெரியவர்களின் முழு அளவு. படத்தில் இருந்தது வேறு நெக். நட்டுக்கும் முதல் பிரெட்டுக்கும் இடையில் 32.4 மி.மீ இருக்க வேண்டியது 36.4 இருக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளையின் விரலுக்கு அந்த நாலு மி.மீ சின்ன விஷயம் இல்லை.

உடனே போன் எடுத்தேன். முதல் பதில்: “பிரிட்ஜைக் கொஞ்சம் பின்னால தள்ளி ஒட்டுங்கோ.” கொஞ்சமா? 35 மி.மீ! சட்டங்கள் தாங்காத இடத்தில் பிரிட்ஜை ஒட்டினால் கம்பியின் இழுவையில் பலகை வயிறு தள்ளிப்போகும்.

அடுத்த பதில் இன்னும் மோசம். உங்கள் ஊர்க் கடற்காற்றில் மரம் நீண்டிருக்கும் என்றார். மரவேலை செய்கிற ஒருவனிடம் சொல்கிற கதையா இது? மாரியில் பலகை அகலத்தில் ஊதும், கச்சான் வீசும் காலத்தில் சுருங்கும். நெடுக்கே அது அசைவதே இல்லை என்று சொல்லலாம். 35 மி.மீ எங்கே இருந்து வரும்?

பிறகு, “அப்ப 14இல சேருங்கோ, பிரிட்ஜ் சரியா வரும்” என்றார். கணக்கு சரிதான். 648 ஸ்கேலில் 14ஆம் பிரெட்டில் இருந்து சாடிலுக்கு 289 அளவில்தான் வரும். ஆனால் நெக்கின் அடிக்கட்டை 12ஆம் பிரெட்டுக்கென்று செதுக்கி வந்திருக்கிறது. அதை வெட்டிச் சேர்த்தாலும் நட்டில் இருந்து பெட்டி வரை 359 மி.மீ ஆகிவிடும், பிள்ளையின் கை 70 மி.மீ கூட நீள வேண்டும். அதே கம்பியை அதே சுருதிக்கு முறுக்கினால் 578இல் இழுவை ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அந்த மென்மைக்காகத்தானே சின்ன ஸ்கேல் எடுத்தேன்!

திருப்பி அனுப்புகிறேன், 38,500 ரூபாவைத் தாருங்கள் என்றேன். “வித்த சாமான் திருப்பி எடுக்கிறேல்ல அண்ணை” என்றார். இப்போது என் இலக்கத்துக்குப் போன் எடுப்பதே இல்லை. அக்காவின் போனில் எடுத்தேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டார். பிள்ளை தினமும் “மாமா, முடிஞ்சுதா?” என்று வந்து நிற்கிறாள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதுகிறேன், அவர்களின் இலக்கம் 1977. உங்களுக்கு நான் சொல்லக்கூடியது: படத்தை நம்பாதீர்கள். உங்கள் பெயர் எழுதிய துண்டை நெக்கின் பக்கத்தில் வைத்து வீடியோவாக அளந்து காட்டச் சொல்லுங்கள். ஸ்கேல், சேரும் பிரெட் இரண்டையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். நெக் கையில் வந்து அளக்கும் வரை சட்டங்களை ஒட்ட வேண்டாம். முழுக் காசையும் முன்கூட்டியே கட்டவே கட்டாதீர்கள்.