குட்டா தெருவில் விற்கும் 'ஒரே நாளில் பாலி' சுற்றுலா: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பாலித் தீவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் குட்டா, லெகியான், செமின்யாக் பக்கம்தான் அறை எடுக்கிறார்கள். விமான நிலையம் பக்கம், கடற்கரை நடக்கிற தூரம், சாப்பாட்டுக்கும் அலைய வேண்டாம். அந்தத் தெருக்களில் பத்தடிக்கு ஒரு சுற்றுலா முகவர் உட்கார்ந்திருப்பார். ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, பின்னால் படங்கள் ஒட்டிய பலகை. அப்படி ஒரு மேசையில் நாங்கள் வாங்கிய ஒருநாள் சுற்றுலாவைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கடைப் பெயரைப் போட்டும் பயனில்லை. அதே அட்டையை, அதே படங்களோடு, அந்தத் தெருவில் பல பேர் வைத்திருக்கிறார்கள்.

அட்டையில் இருந்த இடங்கள்: லெம்புயாங் சொர்க்க வாசல், தெகல்லாலாங் படிவயல், உபுட் குரங்குக் காடு, கருட விஷ்ணு சிலை, கடைசியாகத் தனா லோட் கடற்கோயிலில் சூரிய அஸ்தமனம். கார், டிரைவர், பெட்ரோல், நுழைவுச்சீட்டு எல்லாம் சேர்த்து நான்கு பேருக்கு 9 லட்சம் ரூபியா. நுழைவுச்சீட்டையும் சேர்த்துப் பார்த்தால் இது ரொம்பக் குறைவு. எப்படிக் கட்டுப்படியாகிறது என்று கேட்டதற்கு, "சீசன் இல்லை பாஸ்" என்றார்.

வரைபடத்தைப் பாருங்கள். லெம்புயாங் கோயில் தீவின் கிழக்குக் கோடியில், கரங்காசெம் மாவட்டத்தில் இருக்கிறது. குட்டாவிலிருந்து போகவே இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. தனா லோட் மேற்குக் கரையில், தபானானில். பாலியில் ரயில் கிடையாது, உபுட் பக்கம் போனால் சாலை ஒரு லாரிக்கே இறுக்கம். ஆண்டு முழுக்கச் சூரியன் அங்கே சுமார் 6 மணிக்கும் 6.45-க்கும் இடையில் மறைந்துவிடும், அப்புறம் சட்டென்று இருட்டிவிடும். எங்கேயும் நிற்காமல் ஓட்டினாலே இழுபறியாகிற பயணம் இது. விற்கிறவருக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இல்லை.

பணம் வாங்கும் போதே அடுத்த வேலையைத் தொடங்கிவிட்டார்கள். டாலர் வேண்டாம், ரூபியாவாகக் கொடுங்கள், பக்கத்துக் கடையில் மாற்றிக்கொள்ளலாம், கமிஷன் இல்லை என்றார். பக்கத்துக் கடை என்பது பனியன் தொங்கும் கடைக்குப் பின்னால் ஒரு மரப்பலகை. வெளியே எழுதியிருந்த விலை வங்கி விலையைவிட அதிகம். தொகை முழுவதையும் 20,000 ரூபியா நோட்டுகளாகவே எண்ணி வைத்தார். நாங்களும் எண்ணினோம், சரியாக இருந்தது. உடனே, "ஒரு நோட்டு குறைகிறது போலிருக்கிறதே" என்று அவரே கட்டைத் திரும்ப வாங்கி, பலகையின் விளிம்பில் தட்டி, மேலே ஒரு நோட்டை வைத்துக் கொடுத்தார். பார்க்க நமக்குச் சாதகமாக நடப்பது மாதிரி இருக்கும். என் மனைவி அங்கேயே நின்று மறுபடி எண்ணினாள். ஒன்பது நோட்டு குறைந்தது. அவை பலகைக்கு அந்தப் பக்கம் விழுந்திருந்தன. டாலரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். அந்நாட்டு மத்திய வங்கியான பேங்க் இந்தோனேசியாவின் உரிமப் பலகை கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கடைகள் அதே சாலையில் உண்டு. அங்கே கேட்டால் 100,000 ரூபியா நோட்டாகத் தருவார்கள், எண்ணுவதும் சுலபம். நீங்கள் எண்ணி முடித்த கட்டை எந்தக் கடையிலும் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

தீவு வரியையும் தானே கட்டித் தருவதாக முகவர் சொன்னார், தலைக்கு 250,000 ரூபியாவாம். வெளிநாட்டுப் பயணிகளுக்கான அந்த வரி 2024 பிப்ரவரி 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொகை 150,000 ரூபியா, மாகாண அரசின் 'லவ் பாலி' தளத்தில் நாமே கட்டலாம். நாங்கள் ஏற்கெனவே கட்டியிருந்த கியூ.ஆர். சீட்டைக் காட்டியதும் பேச்சை மாற்றிவிட்டார்.

மறுநாள் காலை கார் நேரத்துக்கு வந்தது. ஏறி உட்கார்ந்து கொஞ்ச தூரம் போனதும் டிரைவர் தெற்கே கையைக் காட்டி, "அதோ, கருட விஷ்ணு" என்றார். ஊங்காசான் குன்றின்மேல், பீடத்தோடு சேர்த்து 121 மீட்டர் உயரமான சிலை, தொலைவிலிருந்தே தெரியும். 2018-இல் முடிந்த வேலை, நியோமான் நுவார்த்தா வடித்தது. எப்போது உள்ளே போவோம் என்று கேட்டேன். அட்டையை வாங்கிப் பின்பக்கம் திருப்பிக் காட்டினார். பொடி எழுத்தில் 'வெளித்தோற்றம் மட்டும்' என்று இருந்தது. ஆக, ஜன்னல் வழியாகவே ஓர் இடம் முடிந்தது.

லெம்புயாங்கில் கார் கீழேயே நின்றுவிடும், மேலே போக ஷட்டில் வண்டிதான். அதற்குக் காசு தனி. கோயில் சீட்டுக்கும் எங்களிடமே கேட்டார்கள், 'எல்லாம் சேர்த்து' என்ற பேச்சு டிரைவர் காதுக்கு எட்டவேயில்லையாம். படம் எடுக்க வரிசை எண் தருவார்கள். எங்கள் எண் வருவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அம்மாவுக்குச் சொர்க்க வாசல் என்ற பெயரே போதுமாக இருந்தது, படமெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் கோபுரத்தை நடுவில் பிளந்து வைத்த மாதிரி இருக்கும் அந்த வாசலுக்கு நடுவே, அகுங் எரிமலை மேகத்தில் மறைந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "ஏண்டா, அட்டையில ஏரி இருந்துச்சே, எங்க?" என்று கேட்டார்.

ஏரி கிடையாது. படம் எடுப்பவர் போன் கேமராவுக்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடிக்கிறார், தரை தண்ணீராகிவிடுகிறது. பையன் பக்கத்தில் போய் நின்று இதை வேடிக்கை பார்த்துவிட்டு வந்தான். அன்றைக்கு அவனுக்குப் பிடித்த ஒரே விஷயம் அதுதான். கோயிலின் மேல் குறை ஒன்றுமில்லை. நல்ல இடம், வானம் தெளிந்த அதிகாலையில் போனால் எரிமலை கண்முன்னே நிற்குமாம். விற்கிறவர் மறைக்கும் விஷயம்தான் வேறு.

அப்புறம்தான் உண்மையான சுற்றுலா ஆரம்பித்தது. முதலில் காபித் தோட்டம். தோட்டம் என்றால் பாதையோரம் நாலு செடி, ஒரு கூண்டில் பகல் வெளிச்சத்தில் சுருண்டு படுத்திருக்கும் மரநாய். அது தின்று கழித்த கொட்டையில் செய்வதுதான் லூவாக் காபி. மரத்தட்டில் சின்னச் சின்னக் கிளாஸ்களில் இஞ்சி டீ, தேங்காய் காபி என்று வரிசையாக வைப்பார்கள், அது இலவசம். லூவாக் காபி மட்டும் காசுக்கு. கிளம்ப எழுந்தால் வாசல் வழியில்லை, பொட்டலக் கடை வழியாகத்தான் வெளியே வர வேண்டும்.

அடுத்து செலுக் கிராமத்து வெள்ளிக் கடை. செலுக்கில் நல்ல பொற்கொல்லர்கள் உண்டு, அந்த ஊருக்கே அதுதான் பெயர். எங்களைக் கூட்டிப்போனது பேருந்து நிறுத்தும் அளவு பெரிய ஷோரூம். வாசலில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே எங்கள் நாலு பேர் சட்டையிலும் ஒரு வட்ட ஸ்டிக்கரை ஒட்டினார், அதில் ஓர் எண். அழகுக்கு என்று நினைத்தான் பையன். பில் போடும் மேசையில் முன்னால் நின்றவரின் சட்டையில் இருந்த எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டதைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. எந்த டிரைவரின் ஆள் எவ்வளவு வாங்கினார் என்ற கணக்கு அது. பாத்திக் துணிக்கடையிலும் இதே ஸ்டிக்கர், நிறம் மட்டும் வேறு. கடை வேண்டாம், படிவயலுக்குப் போங்கள் என்று சொன்னால், "பத்து நிமிஷம் பாஸ், வாங்க வேண்டாம், சும்மா பாருங்கள்" என்பார். பத்து நிமிடத்தில் டிரைவர் காரில் இருக்க மாட்டார்.

தெகல்லாலாங்கில் சாலையோரம் நின்று பார்த்ததோடு சரி. குரங்குக் காடு 'இன்றைக்கு நேரமில்லை'. இந்த வார்த்தையைச் சொன்னபோது அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் தெரிந்தது, நல்ல நடிகர்.

தனா லோட் வாகன நிறுத்தத்தில் இறங்கியபோது எதிரே கூட்டம் திரும்பி வந்துகொண்டிருந்தது. நன்றாக இருட்டிவிட்டது, அலை ஏறியிருந்தது, பாறை கறுப்பாகத் தெரிந்தது, கோயில் தெரியவில்லை. இங்கே இன்னொரு பொய்யையும் சொல்ல வேண்டும். பாறைமேல் உள்ள கோயிலுக்குள் போய்ச் சாமி கும்பிடலாம் என்று சொல்லித்தான் முகவர் அம்மாவிடம் ஆசை காட்டியிருந்தார். சுற்றிப் பார்க்க வருகிறவர்களை மேலே விடுவதில்லை, பூசைக்கு வரும் பக்தர்களுக்கு மட்டும்தான் அனுமதி. நாமும் இந்துதானே என்ற வாதம் அங்கே எடுபடாது. அலை இறங்கியிருந்தால் பாறையின் அடிவரை நடந்து போகலாம். அங்கே உள்ள நல்ல தண்ணீர் ஊற்றில் பூசாரிகள் தீர்த்தம் தெளித்து, நெற்றியில் அரிசி வைத்து அனுப்புவார்கள், காணிக்கை நம் விருப்பம். அம்மாவுக்கு அது போதும். ஆனால் அலை இறங்கும் நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும், அஸ்தமனத்தோடு எப்போதும் ஒத்துவராது. போகிற தேதிக்கு அலை அட்டவணையை இணையத்தில் பார்த்துவிட்டு, அஸ்தமனமா தீர்த்தமா என்று முடிவு செய்யுங்கள்.

இதே ஆட்கள் உலுவத்து கோயிலையும் தனா லோட்டையும் ஒரே மாலையில் விற்பதையும் அந்தத் தெருவில் கேட்டேன். இரண்டும் அஸ்தமனத்துக்குப் பேர்போனவை, ஆனால் உலுவத்து தெற்கு முனையில் இருக்கிறது, தனா லோட் மேற்குக் கரையில். உலுவத்தில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து குரல் எழுப்பி ஆடும் கெச்சாக் நடனமும் அந்த நேரத்தில்தான். அங்கே இடுப்பில் கட்டிக்கொள்ளும் சாரோங் துணியை வெளியே காசு கொடுத்து வாங்கச் சொல்வார்கள், வாங்காதீர்கள், சீட்டோடு உள்ளே தருவார்கள். குரங்குகள் கண்ணாடியையும் போனையும் பிடுங்கும், ஆனால் தின்ன ஏதாவது கொடுத்தால் திருப்பித் தந்துவிடும். முகவர்களைவிட அது மேல்.

இரவே அந்த மேசைக்குப் போனோம். பணம் வாங்கியவர் இல்லை, தம்பி முறை ஆள் ஒருவர் இருந்தார். பார்க்காத இடங்களுக்கும் நாங்கள் கட்டிய சீட்டுக் காசுக்கும் கணக்குப் போட்டுக் காட்டினேன். நாளைக்குத் தனா லோட் மட்டும் பாதி விலைக்குக் கூட்டிப்போகிறோம் என்றார். முன்பணமாகப் பாதி மட்டும் கொடுத்து மீதியைத் திரும்பி வந்ததும் தருவதாகப் பேசியிருந்தால் அவரிடம் வேறு பதில் வந்திருக்கும். இப்போது அவர் வாங்கிய பணம் அவரிடம். நீங்கள் பேசும்போது இதைப் பேசுங்கள், இடங்களின் வரிசை, ஒவ்வொன்றுக்கும் நேரம், 'கடைகளுக்குப் போகாது' என்ற வரி எல்லாவற்றையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

அடுத்த நாள் தங்கியிருந்த இடத்துக்காரர் தனக்குத் தெரிந்த டிரைவரை வரச் சொன்னார். தனா லோட் மட்டும் போக வேண்டும், கடை எதுவும் வேண்டாம் என்றேன். அவர் சிரித்துவிட்டு, கடை இல்லை என்றால் 100,000 ரூபியா கூடுதல் என்று நேராகவே சொன்னார். பேரம் பேசாமல் சரி என்றேன். மதியம் மூன்றரைக்குக் கிளம்பினோம்.