இஸ்தான்புல்லா, இங்கிலாந்தா, அமெரிக்காவா?

வியாசர்பாடியில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறது. அதில் அத்தையின் ரங்கூன் பள்ளிச் சான்றிதழ், வட்ட வட்டமான பர்மிய எழுத்தில். 1964ல் கப்பலில் வந்து இறங்கியபோது, இங்கே அதைப் படிக்க ஆளில்லை என்று அத்தையை இரண்டு வகுப்பு கீழே சேர்த்தார்களாம். அதனால்தானோ என்னவோ, 1933ல் ஹிட்லர் அரசு வேலையைவிட்டு நீக்கிய பேராசிரியர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், அவர்கள் படிப்பை எந்த நாடு அப்படியே மதித்தது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

அதில் துருக்கிக்கு ஈடில்லை. 1933 ஆகஸ்டில் புதிதாகத் திறந்த இஸ்தான்புல் பல்கலைக்கழகம் அவர்களைப் பேராசிரியர்களாகவே எடுத்துக்கொண்டது. கணித அறிஞர் ரிச்சர்ட் ஃபான் மீசஸ் போனார். தத்துவ அறிஞர் ஹான்ஸ் ரைஷன்பாக் போனார். முதலில் மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடம். சில ஆண்டுகளில் துருக்கி மொழியிலேயே நடத்த வேண்டும் என்று ஒப்பந்தம். ஐம்பது வயதில் புது மொழி லேசில்லை. ஆனாலும் பதவியும் நல்ல சம்பளமும் இருந்தன. குடும்பஸ்தருக்கு அன்று இதுதான் சரியான இடம் என்பேன். நிலைக்கவில்லை என்பதும் உண்மை: ரைஷன்பாக் 1938லும் மீசஸ் 1939லும் அமெரிக்காவுக்குப் போய்விட்டார்கள்.

இங்கிலாந்தில் கிடைத்தது உதவித்தொகை. அதற்கென்றே அமைந்த மன்றம், மணமானவருக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு, தனி ஆளுக்கு 182 பவுண்டு என்று கொடுத்தது. நிரந்தர வேலை அரிது. ஆனால் இளம் ஆய்வாளருக்கு ஆய்வுக்கூடம் திறந்திருந்தது. கேம்பிரிட்ஜுக்கு வந்த உயிர்வேதியியல் ஆய்வாளர் ஹான்ஸ் கிரெப்ஸ், பிறகு ஷெஃபீல்டில் 1937ல் கண்டதைத்தான் நம் பிள்ளைகள் பிளஸ் டூவுக்குள், செல்கள் உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் கிரெப்ஸ் சுழற்சி என்று படிக்கிறார்கள்.

அமெரிக்காவில் அன்று குடியேற்றத்துக்கு, ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு இருந்தது. முந்தைய இரண்டு ஆண்டு பாடம் நடத்திய பேராசிரியருக்கு அதில் விலக்கு. படிப்பை அப்போதுதான் முடித்தவருக்கு அந்த வழி இல்லை.

எனக்கு ஆறாதது பெங்களூருதான். சென்ட்ரலில் ராத்திரி ரயில் ஏறினால் விடியும்போது போய்விடலாம். ஹிட்லர் அரசால் வேலை இழந்த ஜெர்மன் இயற்பியல் அறிஞர் மாக்ஸ் பார்ன் 1935ல் அங்கே இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தார். அவரை நிரந்தரமாக வைத்துக்கொள்ள சி.வி. ராமன் பாடுபட்டார். சொந்த நாடே விரட்டிய இரண்டாம் தர அந்நியர் நமக்கு எதற்கு என்று கூட்டத்தில் ஒரு ஆங்கிலேயப் பேராசிரியர் பார்ன் முன்னாலேயே பேசினார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் அழுததாகப் பார்னே எழுதியிருக்கிறார். 1936ல் எடின்பரோவில் பேராசிரியர் பதவி கிடைத்தது, அங்கே போய்விட்டார்.