பாலக்காட்டு வலியங்காடியில் ஒரு நாட்டு மருந்துக் கடை: குளியல் பொடி, அரப்பு, எண்ணெய் வாங்குவோருக்கு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று தமிழக எல்லையை ஒட்டிய ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் குளியல் பொருட்களைப் பொறுத்தவரை ஒரு நல்ல வாய்ப்பு அமைந்திருக்கிறது. கொங்கு நாட்டு அரப்பும் சிகைக்காயும் பொள்ளாச்சிப் பக்கமிருந்து வருகின்றன. மலையாள வைத்திய மரபின் எண்ணெய்கள் பாலக்காட்டிலிருந்து கிடைக்கின்றன. இத்தனை இருந்தும், "மூலிகை" என்று பச்சை எழுத்தில் அச்சிட்ட புட்டிகளுக்கு மாதந்தோறும் பெரும் தொகை செலவழிக்கும் வீடுகளே எங்கள் ஊரில் அதிகம். பணம் போவது ஒரு பக்கம் இருக்கட்டும்; அந்தப் புட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது வாங்குகிறவர் யாருக்கும் தெரிவதில்லை என்பதே எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. ஆகவே, பொருளைக் கண்ணால் பார்த்து, முகர்ந்து, கேள்வி கேட்டு வாங்கக்கூடிய ஒரு கடையைப் பற்றி விரிவாக எழுத விரும்புகிறேன். கடை பாலக்காட்டின் பெரிய கடைத்தெருவான வலியங்காடியில் இருக்கிறது. அங்கே அருகருகே இப்படிப்பட்ட கடைகள் பல உள்ளதால், ஒரு கடையின் பெயரைச் சொல்வதைவிட எந்தக் கடையிலும் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று சொல்வது கூடுதல் பயன் தரும்.

இப்படிப்பட்ட நாட்டு மருந்துக் கடையை மலையாளத்தில் அங்காடி மருந்துக் கடை என்பார்கள். முன்பக்கத்தில் வாய் திறந்த சாக்குகளில் சிகைக்காய், பூந்திக்கொட்டை, வெந்தயம், உலர்ந்த நெல்லிக்காய். உள்ளே மர இழுப்பறைகளில் வேர்களும் கிழங்குகளும். இந்தக் கடையை நான் நம்புவதற்கு முதல் காரணம், கடைக்காரர் எதையும் பொடியாகத் திணிப்பதில்லை என்பதுதான். பூலாங்கிழங்கு கேட்டால் வட்ட வட்டமாக நறுக்கிக் காயவைத்த வில்லைகளை எடுத்து, ஒன்றை இரண்டாக ஒடித்து மூக்கருகே நீட்டுகிறார். புதிய சரக்கு ஒடிக்கும்போதே கற்பூரம் கலந்த வாசனை எழும். பழைய சரக்கு பொடிப்பொடியாக உதிருமே தவிர மணக்காது. கோரைக்கிழங்கைக் கையில் உருட்டிப் பார்த்து, மண்ணும் ரோமமும் போகச் சுத்தமாக இருந்தால் மட்டுமே எடைபோடச் சொல்லலாம். அதற்கு அவர் முகம் சுளிப்பதில்லை.

கஸ்தூரி மஞ்சள் விஷயத்தில் அவருடைய நேர்மை தெளிவாகத் தெரிந்தது. பளிச்சென்று மஞ்சளாக இருந்த ஒரு சாக்கைக் காட்டி இது வேண்டும் என்று நான் கேட்டபோது, "அது மஞ்சக்கூவையாணு சேச்சி, எல்லாரும் அதைத்தான் கஸ்தூரி மஞ்சள்னு கேட்டு வாங்கிட்டுப் போவாங்க. அசல் வேணும்னா இது" என்று தமிழும் மலையாளமுமாகச் சொல்லி, உள்ளிருந்து வெளிறிய, தந்த நிறம் கொண்ட துண்டுகளை எடுத்து வந்தார். மஞ்சக்கூவை என்பது வேறொரு கிழங்கு. அசல் கஸ்தூரி மஞ்சள் துணியிலும் தோலிலும் மஞ்சள் கறையை விடுவதில்லை. வாசனைதான் அதன் அடையாளம். விலை கூடுதலானாலும் குளியல் பொடிக்குத் தேவைப்படும் அளவு மிகக் குறைவு. சென்ற ஆண்டு ஒரு கண்காட்சி அரங்கில் என் அண்ணன் மகளுக்கு வாங்கிய நலங்கு மாவு, தேய்த்த இடமெல்லாம் மஞ்சள் பூசி, மாலைக்குள் கழுத்தில் தடிப்பும் அரிப்பும் கொடுத்தது. அந்தப் பொட்டலத்தில் தயாரித்தவர் முகவரியும் இல்லை, சேர்மானப் பட்டியலும் இல்லை. எதனால் தடித்தது என்று மருத்துவர் கேட்டபோது எங்களால் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

நலங்கு மாவுக்கு நான் இந்தக் கடையில் வாங்குவது இவ்வளவுதான்: அரைக் கிலோ பாசிப்பயறு, நூறு கிராம் கடலைப்பருப்பு, பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர், ரோஜா இதழ் ஆகியவற்றில் ஒவ்வொன்றும் ஐம்பது கிராம், அசல் கஸ்தூரி மஞ்சள் இருபத்தைந்து கிராம். பயறு கிலோ 120 ரூபாய் அளவில் கிடைக்கும்போது, எல்லாம் சேர்ந்து அரைக்கும் கூலியோடு 500 ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. இணையத்தில் அழகான டப்பாவில் வரும் நூறு கிராம் நலங்கு மாவையே 200 ரூபாய்க்கு விற்கிறார்கள். இங்கே முக்கால் கிலோவுக்கு மேல் பொடி கிடைக்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு மாதத்துக்கு அது தாராளமாகப் போதும். வெட்டிவேரை நறுக்கி நன்றாகக் காயவைக்காமல் மில்லுக்குக் கொண்டுபோனால் நார் சிக்கிக்கொள்ளும் என்பதால், இரண்டு நாள் வெயில் கட்டாயம் தேவை. மாவரைக்கும் மில்லில் சிகைக்காய்க்குத் தனி இயந்திரம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வதும் அவசியம். மிளகாய் அரைத்த இயந்திரத்தில் குளியல் பொடி அரைத்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பட்டியலில் கார்போக அரிசி இல்லாததைச் சிலர் கவனித்திருப்பார்கள். நம் பாட்டிமார் காலந்தொட்டு நலங்கு மாவில் சேர்ந்துவரும் பொருள்தான் அது. கடைக்காரரும் பழக்கத்தில் அதையும் எடுத்து வைத்தார். ஆனால் அந்த விதையில் சோராலென் என்னும் வேதிப்பொருள் இருக்கிறது. அது தோலில் பட்ட பிறகு வெயில் பட்டால் தோல் சிவந்து, எரிந்து, கருத்துப்போகக்கூடும். வெண்புள்ளிக்கு வைத்தியர்கள் அதைப் பயன்படுத்துவதே அந்தக் குணத்தால்தான். வைத்தியர் கண்காணிப்பில் பூசுவது வேறு. காலையில் குளித்துவிட்டு வயலுக்கோ பள்ளிக்கோ வெயிலில் போகிற உடம்பில் தினமும் தேய்ப்பது வேறு. மரத்திலும் செடியிலும் விளைந்தது என்பதாலேயே ஒரு பொருள் நம் தோலுக்குத் தீங்கு செய்யாது என்ற நம்பிக்கையை நான் விட்டுவிட்டேன். வாசகர்களும் விட்டுவிட வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

தலைக்கு அரப்பு. உசில மரத்து இலையைக் காயவைத்து இடித்த பச்சைப் பொடி, கொங்குப் பகுதி வீடுகளில் சிகைக்காயைவிட அதிகமாகப் புழங்குவது. வலியங்காடியில் கிடைக்கும் அரப்பைவிடப் பொள்ளாச்சிச் சந்தையில் கிடைப்பது புதிதாக இருக்கிறது என்பது என் கணிப்பு. நல்ல அரப்பு கரும்பச்சையாக இருக்கும், பழையது பழுப்பேறிவிடும். சோற்று வடிகஞ்சியில் குழைத்துத் தேய்த்தால் எண்ணெயை எடுக்கும், ஆனால் ஷாம்புபோல் நுரைக்காது. சிகைக்காய், பூந்திக்கொட்டை, அரப்பு மூன்றிலும் இயற்கையாகவே சப்போனின் இருப்பதால்தான் அழுக்குப் போகிறது. அதே சப்போனின்தான் கண்ணில் பட்டால் கடுமையாக எரியவும் செய்கிறது. சிறு குழந்தைகளுக்கு இவற்றைப் பயன்படுத்த வேண்டாம். அவர்களுக்குச் செம்பருத்தி இலையைத் தண்ணீரில் கசக்கி எடுக்கும் வழவழப்பான தாளி போதும். மலையாள வீடுகளில் இன்றும் அதைத்தான் செய்கிறார்கள், அதற்குச் செலவும் இல்லை. உடம்பு தேய்க்க இஞ்ச என்று இங்கே சொல்லும் கொடியின் இடித்த பட்டையும் வெட்டிவேர் நாரும் இந்தக் கடையில் நன்றாகக் கிடைக்கின்றன. சவரத்துக்குப் பின் தடவவும் அக்குள் வாடைக்கும் படிகாரக் கட்டி ஒன்று வாங்கினால் மாதக்கணக்கில் வரும்.

எண்ணெய் விஷயத்தில் இந்தக் கடையை நான் பரிந்துரைக்க மாட்டேன். நால்பாமர எண்ணெய், நீலிபிருங்காதி, செம்பருத்தி எண்ணெய் எல்லாவற்றையும் தகர டின்களிலிருந்து அளந்து ஊற்றித் தருகிறார்கள். எப்போது காய்ச்சியது, யார் காய்ச்சியது என்பதற்கு எழுத்தில் ஒன்றும் இல்லை. காய்ச்சிய எண்ணெய்க்கு உரிமம் பெற்ற நிறுவனத்தின் மூடிய புட்டியே பாதுகாப்பு. கேரள அரசின் ஔஷதி, திருச்சூரை மையமாகக் கொண்ட பொதுத்துறை நிறுவனம்; அதன் விற்பனை நிலையங்கள் மாநிலமெங்கும் உள்ளன; தனியார் புட்டிகளோடு ஒப்பிட்டால் விலை கைக்கு அடக்கமானது. கோட்டக்கல் ஆரிய வைத்தியசாலை 1902 முதல் இயங்குகிறது. அதன் எண்ணெய்களும் எங்கள் பகுதியில் எளிதாகக் கிடைக்கும். புட்டியின் உறையில் உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி, ஒவ்வொரு மூலிகையின் அளவு ஆகியவை இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கினால் போதுமானது. வெறும் தேங்காயெண்ணெய் வாங்குவோரும் கவனமாக இருக்க வேண்டும்: 2018-இல் கலப்படம் காரணமாகப் பல பிராண்டுகளின் தேங்காயெண்ணெய்க்குக் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை தடை விதித்தது. கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சுத்தமான எண்ணெய் முழுவதும் வெள்ளையாக உறையும். வேறு எண்ணெய் கலந்திருந்தால் உறையாத அடுக்கு தனியாக நிற்கும்.

சோப்பு இந்தக் கடையில் இரண்டு வகைதான் உண்டு: 1940-இல் இரிஞ்ஞாலக்குடையில் கேசவன் வைத்தியர் தொடங்கிய சந்திரிகா, 1969-இல் சென்னையில் ரயில்வே மருத்துவராக இருந்த டாக்டர் சித்தன் உருவாக்கிய மெடிமிக்ஸ். இரண்டும் எளிய வீடுகளின் சோப்புகள். எந்தச் சோப்பானாலும் உறையில் டிஎஃப்எம் என்று அச்சிட்டிருக்கும் சதவீதத்தைப் பாருங்கள். அது சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு. இந்தியத் தர நிர்ணயப்படி முதல் தரத்துக்குக் குறைந்தது 76, இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60. "பாத்திங் பார்" என்று எழுதியிருந்தால் 40 இருந்தாலே போதும். மூலிகைப் படம் பெரிதாக அச்சிட்ட உறைகளைத் திருப்பி இந்த எண்ணைத் தேடினால் பல நேரங்களில் விலைக்கும் தரத்துக்கும் தொடர்பில்லை என்பது விளங்கும்.

வீட்டில் செய்த சோப்புகளையும் கடையின் ஒரு மூலையில் வைத்திருக்கிறார்கள். உள்ளூர்ப் பெண்கள் உழைத்துச் செய்வது, ஆதரிக்க வேண்டியது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. இருந்தாலும் காஸ்டிக் சோடா இல்லாமல் சோப்பே இல்லை. எண்ணெயோடு அது முழுவதும் வினைபுரிந்து, பிறகு நான்கு முதல் ஆறு வாரம் உலர்ந்தால்தான் சோப்பு இறுகித் தோலுக்கு இதமாகிறது. ஊற்றிய தேதியைச் சொல்லத் தெரிந்த பெண்ணிடமிருந்து மட்டும் வாங்குகிறேன். விற்பனைக்குச் செய்பவர்கள் அழகுப்பொருள் உரிமம் பெறுவதும், சேர்மானங்களை உறையில் எழுதுவதும் சட்டப்படி அவசியம்; 2020-ஆம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகளின்படி ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள சேர்மானங்களை அதிக அளவிலிருந்து குறைந்த அளவு என்ற வரிசையில் எழுத வேண்டும். அந்த வரிசையில் கற்றாழை கடைசியில் நின்றால் அந்தப் பொருளில் கற்றாழை பெயருக்குத்தான் இருக்கிறது.

இனி, கடைக்காரரிடம் நான் நேரிலேயே சொன்ன குறைகள். கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணுக்கு இடும் சுர்மாக் கல் வைத்திருக்கிறார். சுர்மா என்று விற்கப்படுவதில் பெரும்பாலும் இருப்பது ஈய சல்ஃபைடு. குழந்தையின் கண்ணில் இட்டால் ஈயம் உடம்புக்குள் போகும், வளரும் மூளையை அது பாதிக்கும். அதேபோல், பத்து நிமிடத்தில் முடியைக் கருப்பாக்கும் "கருப்பு மருதாணி"ப் பொட்டலங்களும் தொங்குகின்றன. மருதாணி தனியாக ஒருபோதும் கருக்காது. செம்பழுப்பு வரைதான் வரும். உடனடிக் கருப்பு பெரும்பாலும் பிபிடி என்னும் சாயத்தால் வருவது. தலையிலும் முகத்திலும் கொப்புளம் வந்து மருத்துவமனை போனவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு. நரை மறைய வேண்டுமானால் முதல் நாள் மருதாணி, மறுநாள் அவுரிப் பொடி என்று இரண்டு கட்டமாகப் போடுவதே வழி. அவுரியை இங்கே நீலயமரி என்று கேட்டால் அசல் இலைப் பொடியே எடுத்துத் தருகிறார்.

முகம் வெளுக்கும் கிரீம் மட்டும் எந்தக் கடையிலும், யார் சொல்லியும் வாங்காதீர்கள். 2023-இல் மலப்புறம் மாவட்டத்தின் கோட்டக்கல்லில் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு வந்த நோயாளிகளிடம் மருத்துவர்கள் விசாரித்தபோது, அவர்களில் பலர் முறையான விவரமில்லாத வெளுப்புக் கிரீம்களைப் பூசியவர்கள் என்பதும், அவற்றில் பாதரசம் மிகுந்திருந்ததும் தெரியவந்தது. அதே ஆண்டு கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை "ஆபரேஷன் சௌந்தர்யா" என்ற பெயரில் சோதனைகள் நடத்தியது. பாதரசம் ஒரு மில்லியனில் ஒரு பங்குக்கு மேல் முகப்பூச்சில் இருக்கக் கூடாது என்பது இந்தியச் சட்டம். அந்தச் சின்ன டப்பாக்கள் கல்யாண சீசனில் எல்லை ஊர்களின் ஃபேன்ஸி கடைகளில் கைமாறிக்கொண்டிருக்கின்றன. கல்யாணப் பெண்களின் தாய்மார்களிடம் இதைச் சொல்லும் பொறுப்பு நமக்கு இருக்கிறது.

வலியங்காடிக்குப் போகிறவர்கள் காலையில் போவது நல்லது. நண்பகலுக்கு மேல் மொத்த வியாபார வண்டிகள் நின்று, கடைக்காரருக்கு நின்று விளக்க நேரமிருக்காது. தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் வரும். புதிதாக எதை வாங்கினாலும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். பொருள்களை வெவ்வேறு பொட்டலமாகக் கட்டி ஒவ்வொன்றிலும் பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். இந்தக் கடையில் அதை மறுக்காமல் செய்து தருகிறார்கள், பில்லும் தருகிறார்கள்.