யமாஹா சி40: தோட்டப்புற மாணவருக்கு ஏற்ற முதல் கிட்டார்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செவ்வியல் கிட்டார் கற்பிக்கும் என்னிடம் பெற்றோர் முதலில் கேட்பது எந்தக் கருவியை வாங்குவது என்பதைத்தான். கை ஓரளவு வளர்ந்துவிட்ட பிள்ளைக்கு யமாஹா சி40 போதும் என்றும், அதைவிட விலை உயர்ந்த கருவியை இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்றும் சொல்லி வருகிறேன். இதற்கு விலையைக் காட்டிலும் நம் ஊரின் ஈரக்காற்றே முதன்மையான காரணம்.

சி40இன் முகப்பு ஸ்ப்ரூஸ் மரத்தாலான ஒட்டுப்பலகை; முதுகும் பக்கங்களும் நம் நாட்டுத் தச்சர்களுக்கு நன்கு பழகிய மெராந்தி மரம். ஒட்டாத தனி மரப்பலகையில் செய்த முகப்பு ஈரத்தை உறிஞ்சி உப்பும்போது, முகப்பில் தந்திகளைத் தாங்கி நிற்கும் கட்டையான குதிரை மேலெழுகிறது. தந்திகள் விரல்பலகையைவிட்டு உயர்கின்றன. அழுத்தி வாசிக்கும் பிள்ளைக்கு விரல் நோகிறது. ஒட்டுப்பலகையின் அடுக்குகளில் மரநார்கள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடுவதால் அது அவ்வளவு எளிதில் உப்பாது. பகலில் வெக்கையும் மாலையில் மழையுமாக இருக்கும் தகரக்கூரை வீட்டில் இது பெரிய நன்மை. ஆனால், எந்தக் கிட்டாராக இருந்தாலும் வெயிலில் நிற்கும் காரில் வைத்துப் பூட்டக்கூடாது. குதிரையைப் பிடித்திருக்கும் பசை வெப்பத்தில் இளகிவிடும்.

அடுத்தது அளவு. இதன் தந்தி நீளம் 650 மில்லிமீட்டர். ஸ்பெயின் நாட்டுக் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரெஸ் 19ஆம் நூற்றாண்டில் நிலைநிறுத்திய அளவு அது. விரல்பலகை தலைப்பக்கத்தில் 52 மில்லிமீட்டர் அகலம் உடையது. மாமாவோ அண்ணனோ விட்டுச்சென்ற எஃகுத் தந்திக் கிட்டார் பல வீடுகளில் இருக்கிறது. அதில் இந்த அகலம் ஏறத்தாழ 43 மில்லிமீட்டர்தான். பாட்டுக்குத் துணையாகக் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) வாசிக்க அது மிக நல்ல கருவி. ஆனால் வலக்கையின் கட்டைவிரலும் மற்ற மூன்று விரல்களும் தனித்தனித் தந்திகளில் இயங்க வேண்டிய நம் பாணிக்கு அந்த இடைவெளி போதாது. இடக்கை விரல் பக்கத்துத் தந்தியைத் தொட்டு அதன் ஒலியை அடைத்துவிடும். அதுபோலவே, சி40இல் எஃகுத் தந்தி பூட்டுவதும் கூடாது. நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து சுமார் 40 கிலோ இழுவிசை தருகின்றன. எஃகுத் தந்திகள் அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு இழுத்துக் குதிரையையே பெயர்த்துவிடக்கூடும். சிறு பிள்ளைகளுக்கு 580 மில்லிமீட்டர் தந்தி நீளமுள்ள சிஎஸ்40 உண்டு. வளர்ந்த பிறகு பொருந்தும் என்று முன்கூட்டியே பெரிய கருவியை வாங்கித் தருவதை நான் ஏற்பதில்லை. எட்டாத மெட்டுக்கு (விரல்பலகையின் குறுக்கே பதித்த கம்பிக்கு) மணிக்கட்டை வளைத்துப் பழகிய கையைத் திருத்துவது மிகக் கடினம்.

இனி, இதில் எவ்வளவு தூரம் கற்கலாம் என்பதைப் பார்ப்போம். கிட்டார் இசையமைப்பாளர் பெர்னாண்டோ சோரின் 60ஆம் படைப்பில் உள்ள 25 பாடங்களை இதிலேயே முடிக்கலாம். அவற்றின் தொடக்கப் பாடங்கள் ஒற்றை வரி இசையாக இருப்பதால், ஒவ்வொரு சுரத்தையும் அடுத்தது பிறக்கும்வரை பிடித்து வைக்கும் ஒழுக்கத்தைப் பிள்ளைகள் அங்கேயே கற்றுக்கொள்கிறார்கள். வலக்கைக்கு, இன்னோர் இசையமைப்பாளரான ஜுலியானியின் முதல் படைப்பில் உள்ள 120 பயிற்சிகள் இருக்கின்றன. இடக்கை இரண்டே கார்டுகளில் நிற்க, முழுக் கவனமும் வலக்கைக்குப் போவதால் கர்நாடக இசையின் சரளி வரிசையைப் போல அவற்றை நாள்தோறும் வாசிக்கச் சொல்கிறேன். பிறகு இசையமைப்பாளர் கார்காஸியின் 60ஆம் படைப்பு. அதன் மூன்றாம் பயிற்சியில் மோதிரவிரல் மீட்டும் மேல்குரல் (மேலே ஒலிக்கும் இசைவரி) மற்ற சுரங்களைவிடத் தெளிவாக ஒலிக்க வேண்டும். அந்த வேறுபாட்டை சி40 கேட்கும்படி காட்டுகிறது. தேர்வுப் பாடத்திட்டங்களின் தொடக்க நிலைகளுக்கும் இக்கருவி தாராளமாகப் போதும். கருவி சரியில்லை என்று இந்தக் கட்டத்திலேயே வேறு வாங்க நினைப்பவர்களிடம், முதலில் தந்திகளை மாற்றிப் பாருங்கள் என்பேன். பழைய நைலான் தந்தி சுருதியில் நிற்காது, ஒலியும் மங்கிவிடும்.

இக்கருவியின் எல்லை தெரியவருவது இசையமைப்பாளர் தாரேகாவின் லாக்ரிமா என்ற சிறு கிட்டார் இசைப்படைப்பில். முதல் தந்தியின் நான்காம், ஐந்தாம், ஏழாம் மெட்டுகளில் மேல்குரல் மெதுவாக ஏறிச்செல்கிறது. திறந்த இரண்டாம் தந்தி நடுவில் ஒலிக்கும்போதும் அந்தக் குரல் அறுந்துபோகக் கூடாது. ஒட்டுப்பலகை முகப்பு தனிப்பலகையைப்போல் நீண்டு அதிர்வதில்லை. ஆகவே மாணவர் எவ்வளவு அழகாக மீட்டினாலும் சுரம் சற்று முன்னதாகவே தேய்ந்துவிடும். அந்தக் குறையை மாணவர் தம் காதாலேயே உணர்ந்து கேட்கும்போதுதான், ஸ்ப்ரூஸோ சீடரோ, தனிப்பலகை முகப்புள்ள கருவிக்குப் பணம் சேர்க்கும்படி பெற்றோரிடம் சொல்கிறேன். அதை வாங்க ஈப்போவுக்குப் போகும்போது மாணவர் லாக்ரிமாவையே கடையில் வாசித்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது.