காகிதமா, பலூனா, துணியா? வீட்டிலேயே செய்யும் பிறந்தநாள் அலங்காரங்கள் குறித்த ஓர் ஒப்பீடு

குழந்தையின் பிறந்தநாளுக்கான அலங்காரத்தை வீட்டிலேயே செய்துவிடலாம் என்று முடிவெடுத்தவுடன், எது பார்ப்பதற்கு அழகாக இருக்கும் என்ற கேள்வியில்தான் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். அப்படித் தொடங்கியவர்கள் விழாவுக்கு முந்தைய நள்ளிரவில் தரையில் அமர்ந்து பலூன் ஊதிக்கொண்டிருப்பார்கள். நானும் ஒரு வருடம் அப்படி அமர்ந்தவள்தான். மூன்று பிறந்தநாள்களை மூன்று விதமாக அலங்கரித்துப் பார்த்த பிறகு, அழகைப் பற்றிய கேள்வியைச் சற்றே தள்ளி வைத்துவிட்டு, இதை எப்போது செய்து முடிக்க முடியும், இதில் யாருடைய கை படும் என்ற இரண்டையும் முதலில் கேட்பதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. காகிதம், பலூன், துணி ஆகிய மூன்றையும் இங்கே அந்த அளவுகோலைக் கொண்டே நிறுத்துப் பார்க்கிறேன்.

காகிதம்

காகிதத்தின் முதல் பலம் அது காத்திருக்கும் என்பதே. இன்று செய்த வளையம் இரண்டு வாரம் கழித்தும் அதே வளையமாகத்தான் இருக்கும். ஆகவே வேலையைப் பத்துப் பன்னிரண்டு மாலைப்பொழுதுகளுக்குப் பிரித்துக்கொள்ளலாம். இரண்டாவது பலம், மூன்று பொருள்களிலும் குழந்தையே முழுமையாகச் செய்து முடிக்கக்கூடிய வேலை இதில் மட்டுமே இருக்கிறது என்பது.

அந்த வேலை காகிதச் சங்கிலி. ஒரு ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ., நீளம் 29.7 செ.மீ. அகலப் பக்கத்துக்கு இணையாக 2.7 செ.மீ. பட்டைகளாக வெட்டினால் ஒரு தாளில் மீதமில்லாமல் 11 பட்டைகள் கிடைக்கும். முனைகளை ஒரு செ.மீ. அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால், ஆறு செ.மீ.க்குச் சற்று மேற்பட்ட விட்டமுள்ள வளையம் உருவாகும். மூன்று மீட்டர் சங்கிலிக்கு ஏறத்தாழ 50 வளையங்கள் தேவைப்படும் என்பதால், ஐந்து தாள்கள் தாராளமாகப் போதும். வெட்டும் வேலையை நான் எடுத்துக்கொண்டு, ஒட்டும் வேலையை ஐந்து வயது மகளிடம் விட்டேன். குளூ ஸ்டிக்கைத் தடவியபின் பத்து எண்ணும் வரை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தபோது, அவள் ஒவ்வொரு முறையும் ஏழை விட்டுவிட்டுப் பத்துக்குப் போனாள். இருந்தும் ஒரு வளையம்கூட விழாவன்று பிரியவில்லை. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நான் வகுத்துக் கொடுத்த வரிசையை மூன்றாம் நாளே கைவிட்டு, கடைசி ஒரு மீட்டர் முழுவதையும் ஊதா நிறத்தில் முடித்துவிட்டாள். அதைப் பிரித்துத் திருத்தலாமா என்று யோசித்தேன், நல்லவேளையாகத் திருத்தவில்லை. ஸ்டேப்ளர் வைத்து அடித்தால் வேலை நான்கில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் கழன்று விழும் கம்பிகள் தவழும் குழந்தைகளின் வாய்க்குப் போகும் என்பதால் விருந்தினரில் கைக்குழந்தை ஒன்றிருந்தாலும் பசையே மேல்.

சங்கிலிக்கு அடுத்த நிலையில் இருப்பவை விசிறி வட்டமும் டிஷ்யூ பூப்பந்தும். விசிறி வட்டத்துக்கு ஏ4 தாளைப் புடவைக் கொசுவம் வைப்பதுபோல் இரண்டு செ.மீ. அளவில் முன்னும் பின்னுமாக மடித்து, நடுவில் நூலால் கட்டி, இருபுறமும் விரிக்க வேண்டும். இப்படிச் செய்த மூன்றைச் சேர்த்து ஒட்டினால் சுமார் 21 செ.மீ. விட்டமுள்ள முழு வட்டம் கிடைக்கும். மடிப்பை நகத்தால் அழுத்தித் தீட்டியவர்களுக்கு வட்டம் நிற்கும், மற்றவர்களுக்குத் தொங்கும். ஏழெட்டு வயதுக் குழந்தை இதைத் தன்போக்கில் செய்யும்.

பூப்பந்து பெரியவர்களின் வேலை. 50க்கு 70 செ.மீ. அளவுள்ள எட்டு டிஷ்யூ தாள்களை அடுக்கி, நான்கு செ.மீ. கொசுவமாக மடித்து, நடுவே மெல்லிய கம்பியால் இறுக்காமல் கட்டி, இரு முனைகளையும் வளைவாகக் கத்தரித்துவிட்டு, ஒவ்வொரு தாளாக நடுவை நோக்கித் தூக்கிப் பிரிக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன பிரிக்கும் வேலையில்தான் பொறுமை சோதிக்கப்படுகிறது. தாளின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கிழியும். அடியில் கட்டுக்கு அருகே விரலை நுழைத்து மெதுவாக மேலேற்றினால் வரும். கை ஈரமாக இருந்தால் சாயம் விரலிலும், விரலிலிருந்து அடுத்த தாளிலும் ஏறும். ஒரு பந்துக்கு எனக்கு இருபது நிமிடம் ஆனது. ஆனால் ஐந்து பந்துகளை வெவ்வேறு உயரத்தில் தொங்கவிட்டால் ஒரு மூலை நிறைந்துவிடுகிறது. செலவழித்த தாளுக்கு இவ்வளவு பருமனைத் தரும் அலங்காரம் வேறு இல்லை.

காகிதத்தின் குறைகளும் சிறியவை அல்ல. காற்றில் ஈரம் கூடினால் கிரேப் தாள், அதாவது சுருக்கம் வைத்த மெல்லிய வண்ணத்தாள், தளர்ந்து தொய்கிறது. நனைந்தால் அதன் சாயம் சுவரில் இறங்கும், அந்தக் கறை போகாது. மின்விசிறிக்கு அருகே கட்டிய நீளத் தாள்கள் அரை மணி நேரத்தில் முறுக்கிக்கொண்டு கயிறாகிவிடும். மெழுகுவர்த்தி ஏற்றும் மேசைக்கு மேலே காகிதத்தைத் தொங்கவிடவே கூடாது என்பதில் சலுகைக்கு இடமில்லை.

பலூன்

ரப்பர் பலூனை முதன்முதலில் செய்தவர் மைக்கேல் ஃபாரடே. 1824-ஆம் ஆண்டில் ஹைட்ரஜன் வாயுவை அடைத்து ஆராய்வதற்காக இரண்டு ரப்பர் தாள்களின் ஓரங்களை ஒன்றோடொன்று அழுத்தி ஒட்டினார், உட்பக்கம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மாவு தூவினார். ஆய்வுக்கூடத்துக்காகப் பிறந்த பொருள், பின்னாளில் குழந்தைகளைக் கண்டவுடன் துள்ளவைக்கும் பொருளாகிவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் காகிதமும் துணியும் பலூனோடு போட்டியிட முடியாது: குழந்தைகள் தோரணத்தைப் பார்ப்பார்கள், பலூனைத் தொடுவார்கள்.

இப்போது பரவலாகச் செய்யப்படும் பலூன் மாலை, பார்வைக்குத் தோன்றுவதைவிட எளிய வேலைதான். இரண்டு பலூன்களின் கழுத்துகளை ஒன்றாக முடிச்சிட்டு ஜோடியாக்க வேண்டும். இரண்டு ஜோடிகளைக் குறுக்காக வைத்து முறுக்கினால் நான்கு பலூன் கொண்ட கொத்து கிடைக்கும். கொத்துகளைத் தூண்டில் நரம்பில் வரிசையாகச் சுற்றிக்கொண்டே போனால் மாலை வளரும். ஏறத்தாழ 28 செ.மீ. பலூன்களுக்கு நடுவே 13 செ.மீ. பலூன்களைச் செருகினால்தான் இடைவெளி மறையும். பலூன் பேரிக்காய் வடிவத்துக்குப் போய்விட்டால் காற்று மிகுதி என்று பொருள். சற்றே வெளியேற்றி உருண்டை வடிவத்துக்குக் கொண்டுவந்து முடிச்சிட்டால் எளிதில் வெடிக்காது.

சிக்கல் எண்ணிக்கையிலும் நேரத்திலும் இருக்கிறது. மூன்று மீட்டர் மாலைக்கு 70 முதல் 100 பலூன்கள் வரை பிடிக்கும். கைப்பம்பு இருந்தாலும் ஊதி முடிச்சிட ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டால், கொத்து கட்டும் நேரம் நீங்கலாகவே ஒன்றரை மணி நேரம். இந்த வேலையை ஒரு வாரத்துக்கு முன்பே செய்து வைக்கவும் இயலாது. ரப்பர் படலத்தின் வழியே காற்று மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். கொள்ளளவோடு ஒப்பிடும்போது பரப்பு அதிகம் என்பதால் சிறிய பலூன்களே முதலில் சுருங்கும். பளபளப்பும் ஓரிரு நாளில் மங்கிப் பால்பூத்தாற்போல் ஆகிவிடும். எனவே முந்தைய நாள் மாலைதான் செய்தாக வேண்டும். சமையலும் துப்புரவும் விருந்தினர் வருகையும் நெருக்கும் அதே மாலையில்.

வெயில் படும் இடத்தில் கட்டினால் உள்ளிருக்கும் காற்று விரிந்து வெடிக்கும். அடர்நிறப் பலூன்கள் வெப்பத்தை அதிகம் ஈர்ப்பதால் முதலில் போகும். ஆரஞ்சுப் பழம் உரித்த கையோடு பலூனைத் தொட்டாலும் சில நேரம் வெடித்துவிடுகிறது. தோலில் இருக்கும் லிமோனின் என்ற எண்ணெய் ரப்பரைக் கரைப்பதே காரணம். நான் கட்டிய பலூன் மாலையில் விடியற்காலை மூன்று மணிக்கு ஒன்று வெடித்தது. அது வெடித்த அதிர்ச்சியில் பக்கத்துப் பலூன் கழன்றுகொள்ள, அந்த ஓசையில் பிறந்தநாள் குழந்தை எழுந்து அமர்ந்து அழுதது. மறுநாள் முழுவதும் தூக்கக் கலக்கத்தோடுதான் அவள் வாழ்த்துகளைப் பெற்றுக்கொண்டாள்.

பாதுகாப்பை இங்கே தனியே சொல்லியாக வேண்டும். ஊதாத பலூனும் வெடித்த பலூனின் துண்டும் தொண்டையில் ஒட்டிக்கொண்டு மூச்சை முழுமையாக அடைத்துவிடக்கூடியவை. அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம், எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த ஆபத்து உண்டு என்ற எச்சரிக்கையைப் பலூன் பொட்டலங்களில் அச்சிடுவதைக் கட்டாயமாக்கியது. ஒன்று வெடித்தவுடன் துண்டுகளைப் பொறுக்குவதற்கென்று ஒரு பெரியவரை நியமித்துவிடுவது நல்லது. வரும் குழந்தைகளில் எவருக்காவது ரப்பர் ஒவ்வாமை உண்டா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். முதல் பிறந்தநாளுக்கு, அதாவது தவழும் குழந்தைகளே பெரும்பான்மையாக இருக்கும் விழாவுக்கு, பலூன் மாலை வேண்டாம் என்பதே என் கருத்து.

துணி

துணித் தோரணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு முறை செய்தால் பத்து ஆண்டுகளுக்கு வரும். துவைக்கலாம், மடிக்கலாம், அடுத்த குழந்தைக்கும் கட்டலாம். 110 செ.மீ. அகலமுள்ள துணியில், 15 செ.மீ. அடியும் 20 செ.மீ. உயரமும் கொண்ட முக்கோணங்களைத் தலைகீழாக மாற்றி மாற்றி வைத்து வெட்டினால் ஒரு வரிசைக்கு 13 வீதம், ஒரு மீட்டரில் 65 கொடிகள் வரை எடுக்கலாம். ஐந்து செ.மீ. இடைவெளி விட்டு நாடாவில் தைத்தால் 13 மீட்டர் தோரணம். இரட்டைத் துணியாக வைத்துத் தைத்தால் அதில் பாதி. ஓரத்தைப் பல் பல்லாக வெட்டும் கத்தரிக்கோல் இருந்தால் மடித்துத் தைக்கும் வேலையும் இல்லை, நூலும் எளிதில் பிரியாது.

மாற்றி மாற்றி வெட்டும் இந்தச் சிக்கனத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. யானைப் படம் போட்ட துணியை நான் இப்படித்தான் வெட்டினேன். தைத்து முடித்து உயர்த்திப் பிடித்தபோதுதான், ஒன்றுவிட்டு ஒன்று யானைகள் எல்லாம் தலைகீழாகத் தொங்குவதைக் கண்டேன். மேல், கீழ் என்ற திசை இல்லாத புள்ளி, கட்டம், கோடு போன்ற வடிவங்களையே தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். குழந்தையின் பெயரையும் வயதையும் துணியில் தைத்துவிடுவது இன்னொரு தவறு. தைத்த அன்றே அதன் ஆயுள் ஒரு விழாவாகச் சுருங்கிவிடுகிறது. பெயரைக் காகிதத்தில் வெட்டிக் கிளிப்பால் மாட்டினால் போதும்.

தையல் தெரியாதவர்களுக்குத் துணி பொருந்தாது என்று சொல்லமாட்டேன். நாடாவில் முடிச்சிட்டுத் தொங்கவிடும் துணிக்கீற்றுகளும் நன்றாகவே இருக்கும். ஆனால் ஒரே ஒரு விழாவுக்காகத் துணியில் இறங்குவது நேரத்துக்கும் பொருளுக்கும் நட்டம். குழந்தைக்கும் இதில் நிறம் தேர்ந்தெடுப்பதைத் தவிர வேலை இல்லை.

எதை எங்கே வைப்பது

மூன்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்றால் நான் காகிதத்தையே எடுப்பேன். வேலை பல நாள்களுக்குப் பரவுவதும், குழந்தை தானே செய்த பொருளைத் தலைக்கு மேலே பார்ப்பதும் மற்ற இரண்டிலும் கிடைக்காதவை. ஆனால் கலந்து செய்வதற்கு எந்தத் தடையும் இல்லை. அறையின் நீளத்துக்கு, ஆண்டுதோறும் வெளிவரும் துணித் தோரணம், மேசைக்குப் பின்னாலுள்ள சுவரில், சுடருக்கு எட்டாத தொலைவில் விசிறி வட்டங்கள், வாசலில் சங்கிலி, விளையாடும் மூலையில் மட்டும் பதினைந்து இருபது பலூன்கள், மாலையாகக் கட்டாமல் தரையிலேயே உருளும்படி. எப்படியும் குழந்தைகள் அவிழ்த்துக்கொண்டு போகப்போகும் பலூன்களை நள்ளிரவு வரை கொத்துக் கட்டுவானேன்?

எதைச் செய்தாலும் சுவரில் ஒட்டும் வேலை ஒன்று மிஞ்சுகிறது. இருபக்க டேப்பை நேரடியாகச் சுவரில் ஒட்டி, விழா முடிந்ததும் உரித்து, கூடவே உள்ளங்கை அகலத்துக்குச் சுண்ணப்பூச்சையும் பெயர்த்தெடுத்த அனுபவம் எனக்கு உண்டு. இப்போது முதலில் மாஸ்கிங் டேப் ஒரு துண்டு, அதன்மேல் இருபக்க டேப், அதன்மேல் காகிதம் என்ற வரிசையைப் பின்பற்றுகிறேன். கழற்றும்போதும் வெடுக்கென்று இழுக்காமல், டேப்பைச் சுவரோடு சுவராக மடித்துத் தாழ்வாக உரிக்கிறேன். துணித் தோரணத்தைக் கழற்றியவுடன் ஒரு பழைய அட்டையில் நூல் சுற்றுவதுபோல் சுற்றி, முனையை ஊக்கால் குத்தி வைத்தால், அடுத்த ஆண்டு சிக்கெடுக்கும் வேலை இருக்காது. பலூன்களை ஊசியால் குத்தாமல், முடிச்சுக்கு அருகே சிறிதாகக் கத்தரித்தால் ஓசையின்றிக் காற்று இறங்கும், துண்டுகளும் சிதறாது.